கோர்க்கியின் இளமைத் துயரும் மீட்சியும்

துன்பமே கலைஞனை உருவாக்குகிறது என்னும் கருத்து நம்மிடையே வேரூன்றியுள்ளது. மாக்சிம் கோர்க்கியின் தன்வரலாற்று நூல்கள் மூன்றும் (1913–1923) இக்கருத்தை மறுபரிசீலனை செய்யத் தூண்டுகின்றன.

1868இல் நீஷ்னி நொவ்கொரொத்திற் பிறந்த அலெக்சி பெஷ்கோவ், மூன்று வயதிலே தந்தையை வாந்திபேதிக்குப் பறிகொடுத்தான். பதினொரு வயதில் தாய் சயரோகத்தால் இறந்தாள். பாட்டனாரின் சாயத்தொழில் வீட்டிலே மாமன்மார் சொத்துக்காக மோதினர். பாட்டனார் அடித்த அடியிற் சிறுவன் நினைவிழந்தான். தாயின் மறைவையடுத்து அவர் அவனைப் பிழைப்புத் தேடுமாறு வெளியே அனுப்பினார். அப்பாட்டனாரும் இளமையில் வொல்கா நதிக்கரையில் தோளிற் கயிறிட்டுப் படகிழுத்த கூலியே என்பது மனங்கொளத்தக்கது. கொடுமை குணக்கேடன்று, வாழ்நிலையின் வழியாகத் தலைமுறைகளுக்குக் கையளிக்கப்படுவது.

அதே வீட்டில் வளர்ந்த அநாதை இளைஞன் சிகனோக், மாமன் மனைவியின் கல்லறைக்குரிய பாரச் சிலுவையைச் சுமக்கையில் நசுங்கி மாண்டான். அவனுக்கும் துன்பம் குறைவின்றியே கிடைத்தது. மீள்வதற்கு அவகாசந்தான் கிடைக்கவில்லை. ஆதலின் துன்பம் எவரையும் உயர்த்துவதில்லை. அலெக்சியை உயர்த்தியவை வேறு: பாட்டியின் அன்பும் கதைகளும், நீராவிக் கப்பலின் சமையற்காரர் ஸ்மூரி கொடுத்த நூல்கள், உழைப்பாளருடன் கொண்ட உறவு.

எனினும் மீட்சி நேர்கோட்டிற் செல்வதன்று. 1887இல் பாட்டி இறந்தாள். அவ்வாண்டு டிசம்பரில் கசான் நகரிலே, 19 வயதில், அவன் தற்கொலைக்கு முயன்று உயிர்தப்பினான். நூல்களைக் கற்றிருந்தும் இது நிகழ்ந்தது. 1888இல் புரட்சியாளர் ரோமஸ் அவனைக் கிராசனொவிதொவோ கிராமத்துக்கு அழைத்துச்சென்று, தமது கடையில் வேலையும் விவசாயிகளிடையே பணியும் அளித்தார். அறிவுரையினும் பொறுப்பை ஒப்படைத்த அந்நம்பிக்கையே அவனை மீண்டும் நிமிர்த்தியது எனலாம்.

1892இல் அவன் ஏற்ற புனைபெயரின் பொருள் ‘கசப்பு’. காயத்தை மறைக்காது பெயராகவே சூடிக்கொண்டான். ஈயம்போற் கனத்த அருவருப்புகளை எழுதத்தான் வேண்டுமா என்று ‘எனது குழந்தைப் பருவம்’ நூலில் வினவும் கோர்க்கி, வேரோடு களையவேண்டியதை வேர்வரை அறியவேண்டும் என்ற முடிவுக்கே வருகிறார்.

குணமடைதல் என்பது மறத்தலன்று; தனிமனிதனின் மனவலிமை மாத்திரமுமன்று. துயருற்ற குழந்தையைப் பொறுமைசாலியென்று போற்றும் சமூகம் தன் கடனைத் தட்டிக்கழிக்கிறது. அன்பு, கல்வி, கூட்டு உழைப்பு ஆகியவற்றைத் தற்செயலான நல்லோரின் கொடையாக விடாது, எல்லாக் குழந்தைகளின் உரிமையாக்குவதே அக்கடனாகும்.