இரண்டு பட்டியல்களும் ஒரு ரகசிய எண்ணும்

அரசிடம் இருக்கும் தகவல் மக்களுக்குச் சொந்தம் என்று சொல்லி, அதை வெளியே கொண்டுவர மனுப் போடுகிறவர்கள், வழக்குத் தொடுக்கிறவர்கள் ஒரு பக்கம். திறந்த தரவு ஆர்வலர்கள் என்று இவர்களைச் சொல்கிறோம். வந்த தகவலைச் சரிபார்த்துச் செய்தியாக்கும் பத்திரிகையாளர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்பும் எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதைத் தேர்தல் பத்திர விவகாரத்தை வைத்தே புரிந்துகொள்ளலாம்.

2018 ஜனவரியில் தேர்தல் பத்திரத் திட்டம் அறிவிக்கையானது. பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரங்களை வாங்கி, விரும்பிய கட்சிக்குக் கொடுக்க முடிந்தது. கொடுத்தவர் பெயரைக் கட்சி வெளியிட வேண்டியிருக்கவில்லை. இதை எதிர்த்து, ஏடிஆர் எனப்படும் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம் அறிவிக்கை வருவதற்கு முன்பே, 2017-ல், உச்ச நீதிமன்றம் போய்விட்டது. தீர்ப்பு வந்தது 2024-ல்.

இடைப்பட்ட காலத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு மேல் மனுவாகப் போட்டு அரசின் கோப்புகளைப் பெற்றார். 2019 நவம்பரில் பத்திரிகையாளர் நிதின் சேத்தி அவற்றை வைத்துத் தொடர் கட்டுரைகள் எழுதினார். இந்தத் திட்டத்துக்கு ரிசர்வ் வங்கியே ஆட்சேபம் சொல்லியிருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. இங்கே ஆர்வலர் கோப்பைத் திறந்தார். பத்திரிகையாளர் அதற்குப் பொருள் சொன்னார்.

மற்றொன்று இதற்கு நேர்மாறானது. 2018 ஏப்ரலில் ‘தி குவின்ட்’ செய்தித் தளத்தின் பத்திரிகையாளர் பூனம் அகர்வால், ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கி ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுத்தார். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எண், புற ஊதா ஒளியில் தெரிந்தது. அது பாதுகாப்பு அம்சம் மட்டுமே என்றது அரசு. ஆறு ஆண்டுகள் கழித்து அந்த எண்தான் மொத்த வழக்கின் சாவியானது.

2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றம் திட்டத்தை ரத்து செய்து, விவரங்களை வெளியிடச் சொன்னது. வாங்கியவர் விவரமும் கட்சிகளின் விவரமும் தனித்தனியே இருக்கின்றன, பொருத்திப் பார்க்க ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது வங்கி. நீதிமன்றம் மறுத்தது. மார்ச் 14-ல் தேர்தல் ஆணையம் இரண்டு பிடிஎஃப் பட்டியல்களை வெளியிட்டது. ஊரில் ஒரே நாளில் பத்துக் கல்யாணம் நடந்து, மொய் எழுதியவர்களின் பெயர்கள் ஒரு நோட்டிலும், எந்த வீட்டுக்கு எவ்வளவு வந்தது என்பது வேறொரு நோட்டிலும் இருந்தால் எப்படியோ, அப்படித்தான் அவை இருந்தன. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது இரண்டிலும் இல்லை.

ரகசிய எண்களையும் சேர்த்து எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும் என்று மார்ச் 18-ல் நீதிமன்றம் கறாராகச் சொன்ன பிறகு, 21-ஆம் தேதி அவை வந்தன. ஒரே எண் இரண்டு பட்டியல்களிலும் எங்கே வருகிறது என்று பார்த்து, வங்கி மாதக்கணக்கில் அவகாசம் கேட்ட பொருத்தும் வேலையைப் பத்திரிகையாளர்களும் தன்னார்வலர்களும் ஓரிரு நாட்களில் முடித்தார்கள். 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கி முதலிடத்தில் இருந்த ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனத்தின் பணத்தில் பெரும்பகுதி திரிணாமுல் காங்கிரசுக்கும் திமுகவுக்கும் போயிருந்தது. ஒட்டுமொத்தமாக அதிக நிதி பெற்ற கட்சி பாஜக.

இரு தரப்பின் வேலையும் பிரிவது இதற்குப் பிறகுதான். பட்டியல் முழுமையாகவும் எல்லோரும் எடுத்தாளும் வடிவிலும் வெளிவந்துவிட்டால் ஆர்வலரின் கோரிக்கை நிறைவேறிவிடுகிறது. பத்திரிகையாளருக்கு அங்கேதான் வேலை ஆரம்பம். ஒரு நிறுவனத்தில் சோதனை நடந்தது, சில நாட்களில் அது பத்திரம் வாங்கியது என்று தேதிகள் காட்டலாம். அது ஒரு கேள்வியை எழுப்புகிறதே தவிர, லஞ்சம் என்று நிரூபித்துவிடுவதில்லை. நிறுவனத்திடமும் கட்சியிடமும் விளக்கம் கேட்க வேண்டும். பெயர் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு நிறுவனங்களைக் குழப்பிவிடக் கூடாது. தகவல் தந்த ஆர்வலருக்கும் ஒரு நோக்கம் உண்டு என்பதால், அவர் சொல்வதையும் சரிபார்த்தே எழுத வேண்டும். நட்பு இருக்கலாம், ஒருவர் இன்னொருவரின் ஊதுகுழலாகிவிட்டால் வாசகர் இருவரையும் நம்பமாட்டார்.

இந்த விவகாரம் காட்டும் பாடம், தகவலைக் கொடுத்தால் மட்டும் போதாது, எந்த வடிவில் கொடுக்கிறார்கள் என்பதும் உரிமையின் பகுதி என்பதுதான். ஓர் எண்ணை விட்டுவிட்டுக் கொடுத்தாலே பட்டியல் ஊமையாகிவிடுகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7(9) பிரிவு, கேட்ட வடிவிலேயே தகவலைத் தருவதுதான் வழக்கமாக இருக்க வேண்டும் என்கிறது. எனவே உங்கள் ஊராட்சியின் செலவுக் கணக்கையோ நகராட்சியின் ஒப்பந்தப் பட்டியலையோ கேட்டு மனுப் போடும்போது, எக்செல் கோப்பாக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்.