பலாக்கொட்டைக்குள் ஒரு பிடி

சித்திரை பிறந்தால் பண்ருட்டியிலிருந்து நெய்வேலி வரும் சாலையோரம் முழுக்கப் பலாப்பழக் குவியல்தான். நகரியத்துக் குவார்ட்டர்ஸ் கொல்லைகளிலும் மரங்கள் உண்டு. சுளைக்குத்தான் மவுசு. கொட்டையில் கொஞ்சம் குழம்புக்கும் கொஞ்சம் முருங்கைக்கீரைப் பொரியலுக்கும் போக, மீதி குப்பைக்குப் போகிறது. உயிர்வேதியியல் ஆய்வுக்கூடங்களுக்கோ அந்தக் கொட்டைதான் வேண்டும்.

பச்சைக் கொட்டையை அரைத்து உப்புக்கரைசலில் ஊறவைத்து வடித்தால், இறங்கும் புரதத்தில் பாதிக்கு மேல் ஒரே புரதம். பெயர் ஜாக்கலின். இது லெக்டின் வகையைச் சேர்ந்தது. அதாவது, குறிப்பிட்ட சர்க்கரையைத் தேடிப் பிடிக்கும் புரதம். சிவப்பணுக்களின் மேற்பரப்பில் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஜாக்கலினுக்கு நான்கு பிடிகள் இருப்பதால், ஒரே சமயத்தில் பல அணுக்களைப் பற்றி அவற்றைக் கட்டிகட்டியாகத் திரளவைத்துவிடும். விதையில் இதற்கு என்ன வேலை? முளைக்கும்வரை புரதச் சேமிப்பு, கூடவே பூச்சிகளிடமிருந்து பாதுகாப்பு என்பது பொதுவான கருத்து.

1996இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன் குழுவினர், ஆர். சங்கரநாராயணன் முதல் ஆசிரியராக, இதன் முப்பரிமாண அமைப்பை எக்ஸ்-கதிர் படிகவியலால் கண்டறிந்து வெளியிட்டார்கள். பட்டகம் போன்ற மடிப்பு. அதைவிடச் சுவையானது பிடியின் கதை.

ஜாக்கலின் முதலில் ஒரே சங்கிலியாகத்தான் உருவாகிறது. பிறகு செல்லே அதை வெட்டுகிறது. நடுவிலிருந்து நான்கு அமினோ அமிலங்கள் கழன்றுபோக, 20 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு துண்டும் 133 கொண்ட பெரிய துண்டும் பிரியாமல் ஒட்டிக்கொண்டே இருக்கின்றன. பெரிய துண்டின் தொடக்கத்தில் இருப்பது கிளைசின், அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியது. வெட்டுப்பட்டதால்தான் அதற்கு ஒரு புது முனை கிடைக்கிறது. காலக்டோஸ் சர்க்கரை வந்து அமரும்போது அதன் ஹைட்ராக்சில் தொகுதிகளோடு ஹைட்ரஜன் பிணைப்பு போடுவது அந்த முனைதான். ஊனம் என்று நாம் நினைக்கும் வெட்டே இங்கே உறுப்பு! பக்கத்தில் டைரோசின், டிரிப்டோஃபன் வளையங்கள் சர்க்கரைக்கு அணை கொடுக்கின்றன. நிரந்தரப் பிணைப்பு எதுவும் இல்லை. பிடித்ததை விடவும் முடியும்.

புரதத்துக்கு ஆயுள் குறைவு என்பதையும் நெய்வேலியில் சொல்லியாக வேண்டும். சுரங்கத்தில் வெட்டும் பழுப்பு நிலக்கரியும் ஒருகாலத்துத் தாவரம்தான். நுண்ணுயிர்கள் புரதத்தைச் சீக்கிரமே தின்று தீர்த்துவிட்டன; எளிதில் மட்காத லிக்னின்தான் பெரும்பாலும் கரியானது. குழம்பில் நன்றாக வெந்த கொட்டையிலும் ஜாக்கலினின் மடிப்பு குலைந்துவிடும், பிடியும் போய்விடும். ஆகவே பயமில்லாமல் சாப்பிடலாம்.

சரி, ஆய்வுக்கூடங்களுக்கு இந்தப் பிடி எதற்கு? நம் ரத்தத்திலுள்ள ஐஜிஏ-1 என்ற எதிர்ப்புரதத்தின் கழுத்துப் பகுதியில் ஜாக்கலினுக்குப் பிடித்த சர்க்கரைகள் வரிசையாக இருக்கின்றன. அதன் நெருங்கிய உறவான ஐஜிஏ-2இல் அந்தக் கழுத்தே குட்டை, சர்க்கரை வரிசையும் இல்லை. ஐஜிஏ சிறுநீரக நோயில் வடிகட்டிகளில் போய்ப் படிவது ஐஜிஏ-1தான். அதன் சர்க்கரைகளில் காலக்டோஸ் குறைந்திருப்பதும் தெரிந்த செய்தி. அதை ஆராய முதலில் தனியாகப் பிரிக்க வேண்டுமே? ஜாக்கலின் பூசிய சிறுமணிகளைக் கண்ணாடிக் குழாயில் நிரப்பி, மேலே சீரத்தை ஊற்றுகிறார்கள். ஐஜிஏ-1 ஒட்டிக்கொள்ள, ஐஜிஏ-2 உள்ளிட்ட பெரும்பாலானவை வழிந்தோடுகின்றன. பிறகு காலக்டோஸ் கரைசலை ஊற்றினால், ஜாக்கலின் அதைப் பிடித்துக்கொண்டு ஐஜிஏ-1ஐக் கைவிடுகிறது. கீழே குப்பியில் சேர்வதை எடுத்துக்கொண்டு ஆய்வைத் தொடங்கிவிடலாம்.