காஞ்சியில் இரண்டு நாள்: ரூம் எங்கே போடுவது?

ஐரோப்பாவுக்கு மூணு நாள் சுற்றுலா போறவங்க முதல்ல தேடுவது சிட்டி சென்டர்ல ஒரு அபார்ட்மென்ட். மெட்ரோ பக்கத்துல இருக்கா, ஸ்டேஷன்ல இருந்து பெட்டியை இழுத்துக்கிட்டு நடக்க முடியுமா, வெளியில வந்தா பேக்கரி இருக்கா என்று ஒரு வாரம் மேப்பைப் பார்ப்பாங்க. அதே ஆட்கள் காஞ்சிபுரம் போகும்போது, 'ஏசி இருக்கா, கார் பார்க்கிங் இருக்கா' என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சென்னையிலிருந்து 75 கி.மீ.தானே, எங்கே தங்கினால் என்ன என்ற நினைப்பு. இரண்டே நாள் தங்கும் ஊரில், எங்கே தங்குகிறோம் என்பதுதான் எதையெல்லாம் பார்ப்போம் என்பதையே முடிவு செய்கிறது. அந்தக் கணக்கைத்தான் இந்தக் குறிப்பில் போட்டுப் பார்க்கிறேன்.

வெனிஸை எடுத்துக்கொள்ளுங்கள். தீவுக்குள் வாடகை அதிகம். அதனால் பலர் எதிர்க்கரையில் இருக்கும் மெஸ்த்ரேவில் தங்குகிறார்கள். ரயிலில் பத்து நிமிடம்தான். ஆனால் அந்த ஊரின் அழகே பகல் கூட்டம் வருவதற்கு முன்பும், அது திரும்பிய பிறகும்தான். மெஸ்த்ரேவில் தங்கினால் அந்த இரண்டு பொழுதும் கையை விட்டுப் போகிறது. காசு மிச்சம், ஊர் நஷ்டம்.

காஞ்சியில் இது இன்னும் கறாரானது. காரணம் நடை சாத்தும் நேரம். பெரும்பாலான கோயில்கள் காலையில் திறந்து, பகல் 12 மணி வாக்கில் சாத்தி, மாலை 4 மணிக்கு மேல்தான் மறுபடி திறக்கும். அதாவது இரண்டு நாள் என்பது உண்மையில் நான்கு வேளை: இரண்டு காலை, இரண்டு மாலை. நடுவில் நான்கு மணி நேரம் வெயில். வயதான அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு அந்த நேரத்தில் ரூமுக்குத் திரும்பிக் காலை நீட்டிப் படுப்பது சொகுசு இல்லை, தேவை.

இப்போது கூட்டிப் பாருங்கள். நான்கு வேளை, ஒவ்வொன்றுக்கும் போக வர என்றால் மொத்தம் எட்டு பயணம். பெங்களூரு ஹைவே பக்கம், ஊரிலிருந்து 8 கி.மீ. தள்ளி ஒரு நல்ல ஹோட்டல் என்று வைத்துக்கொள்வோம். 8 × 8 = 64 கி.மீ. கூடுதல். ஊருக்குள் எல்லாக் கோயிலையும் சுற்றினால்கூட இதில் பாதி ஆகாது. நடைமுறையில் நடப்பது வேறு: இரண்டாவது தடவைக்கே சலிப்பு வந்து, 'சாயங்காலம் வேண்டாம், நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று ஆகிவிடும். நான்கு வேளை மூன்றாகிவிடும்.

அப்படியானால் ஊருக்குள் எங்கே? காஞ்சிக்கு ஒரே மையம் கிடையாது. பெரிய காஞ்சியில் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிக் காமாட்சி அம்மன், உலகளந்த பெருமாள், சற்று வடக்கே ஏகாம்பரநாதர். கிழக்கே மூன்று நான்கு கி.மீ. தள்ளி சின்ன காஞ்சி, அங்கே வரதராஜப் பெருமாள். மேற்கு ஓரத்தில் கைலாசநாதர், 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. அதை ஒட்டித்தான் நெசவாளர்கள் வாழும் பிள்ளையார்பாளையம். அதையும் தாண்டி, வேகவதி ஆற்றுக்கு அப்பால், தென்மேற்கில் திருப்பருத்திக்குன்றம். இதுதான் ஜின காஞ்சி.

திருப்பருத்திக்குன்றத்தை நான் ஒரு டெஸ்ட் கேஸாக எடுத்துக்கொள்கிறேன். காஞ்சி போகிறவர்கள் எளிதில் விட்டுவிடுகிற இடம் அது. விடக்கூடாத இடமும் அதுதான். அங்கே இருக்கும் திரைலோக்கியநாதர் கோயிலில், விஜயநகரத் தண்டநாயகர் இருகப்பர் தன் குரு புஷ்பசேனர் சொல்படி 1387-88-ல் கட்டிய சங்கீத மண்டபம் இருக்கிறது. ஹம்பியில் கானிகித்தி சமணக் கோயிலை எழுப்பியவரும் இவரே. மண்டபத்தின் விதானம் முழுக்க ஓவியங்கள்: ரிஷபர், வர்த்தமானர் வரலாறு, நேமிநாதர் கதையோடு சேர்ந்து வரும் கண்ணன் கதைகள். டி.என். ராமச்சந்திரன் 1934-ல் சென்னை அருங்காட்சியகத்துக்காக இந்தக் கோயில்களைப் பற்றியே தனிப் புத்தகம் எழுதினார்.

இந்த ஓவியங்களைப் பார்க்க வெளிச்சம் வேண்டும். கூரையில் இருப்பதால் அண்ணாந்து, மெதுவாக, கட்டம் கட்டமாகப் பார்க்கணும். மாலையில் இருட்டிய பிறகு போனால் கோடுகளே தெரியாது. கோயில் சின்னது, கூட்டம் வராத இடம். பூட்டியிருந்தால் விசாரித்து, சாவி வரும்வரை காத்திருக்கணும். ஆக இந்த இடத்துக்கு ஒரு காலை வேளையை முழுசாக ஒதுக்கணும், தேவைப்பட்டால் இரண்டாவது தடவை வரவும் வழி இருக்கணும். ஹைவேயில் தங்கியவர் அந்த இரண்டாவது தடவை வரமாட்டார். நாலு கி.மீ.க்குள் தங்கியவர் ஒரு ஆட்டோ பிடித்து வந்துவிடுவார்.

அதனால் என் தேர்வு பெரிய காஞ்சி. நெல்லுக்காரத் தெரு, காமராஜர் சாலை, காந்தி ரோட்டின் மேற்குப் பாதி, இந்த வட்டத்துக்குள் ரூம் போடுங்கள். காமாட்சி அம்மன் கோயிலுக்கு நடந்தே போகலாம். முதல் நாள் காலை ஒரே ஆட்டோவை வெயிட்டிங்கில் பேசிக்கொண்டு கைலாசநாதர், பிள்ளையார்பாளையம், திருப்பருத்திக்குன்றம் என்று மேற்குப் பக்கத்தை முடிக்கலாம். சீக்கிரம் கிளம்பினால் நெசவாளர்கள் தெருவில் பாவு நீட்டி வேலை செய்வதையும் பார்க்க வாய்ப்பு உண்டு. மாலையில் காமாட்சி அம்மன், உலகளந்த பெருமாள். மறுநாள் காலை வரதர், மாலை ஏகாம்பரநாதர். மதியம் இரண்டு நாளும் ரூமில் தூக்கம். வரதரைச் சேவிக்க மட்டுமே போகிறீர்கள் என்றால் கணக்கு மாறும். சின்ன காஞ்சியிலேயே தங்குவதுதான் சரி.

புக் பண்ணும் முன் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, 'காஞ்சிபுரம்' என்று தேடினால் மாவட்டமும் சேர்ந்து வரும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஹோட்டல்கள் எல்லாம் அந்தப் பெயரில் நிற்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கோயிலுக்கு 30 கி.மீ.க்கு மேல். இரண்டு, சில தளங்களில் பணம் கட்டும்வரை மேப்பில் தோராயமான இடம்தான் காட்டும். எந்தத் தெரு, எந்தக் கோயில் பக்கம் என்று போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். மூன்று, பஞ்சாங்கம். வைகாசி பிரம்மோற்சவத்தில் வரதர் சின்ன காஞ்சியிலிருந்து பெரிய காஞ்சி கங்கைகொண்டான் மண்டபம் வரை எழுந்தருள்வார். உற்சவம் பார்க்கத்தான் போகிறோம் என்றால் அந்த வழியில் தங்குவது பாக்கியம். இல்லையென்றால் அந்தத் தேதியைத் தவிர்த்துவிடுங்கள். 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்திவரதர் வைபவம் நடந்தபோது, வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்தினார்கள். அந்த 48 நாளும் கோயிலுக்கு நடந்து போகும் தூரத்தில் ரூம் கிடைத்தவர்தான் ராஜா.

வாடகை விஷயத்தில் ஒன்று சொல்லணும். ஊருக்குள் இருக்கும் லாட்ஜில் ஹைவே ஹோட்டலின் நீச்சல் குளமும் பஃபே காலை உணவும் இருக்காது. விடியற்காலையில் ஒலிபெருக்கி எழுப்பிவிடும், பார்க்கிங் நெருக்கடி. இதெல்லாம் உண்மை. ஆனால் ரூமில் நாம் இருக்கப்போவது தூங்கும் நேரம்தான். விடிகாலையில் கதவைத் திறந்தால் காஞ்சிக்குள் இருக்கணும். இரண்டு நாள் பயணத்தில் ரூமுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி அதற்குத்தான்.