அம்மாவுக்குச் சொல்லித்தரத் தெரிந்தவர்

பிறந்த 1 மாதத்துக்குள் செவித்திறன் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறைபாட்டை உறுதி செய்வது, 6 மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும். காது கேளாத குழந்தைகளுக்கு உலகெங்கும் வைத்திருக்கும் இலக்கு இதுதான். தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு, உள்காதில் கருவி பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட் அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. ஆனால் சத்தம் காதில் விழுவது வேறு, அது சொல்லாகப் புரிவது வேறு. இரண்டுக்கும் நடுவே குழந்தையோடு உட்காரத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளை எப்படித் தயார் செய்கிறோம் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை.

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்"

பேசாத குழந்தையைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் இந்த ஒரு வாக்கியத்தில் எத்தனையோ குழந்தைகளின் ஓரிரு வருடங்கள் போய்விடுகின்றன. இதற்குப் பக்குவமாகப் பதில் சொல்ல வேண்டியவர்கள் செவித்திறன் நிபுணர்களான ஆடியாலஜிஸ்டுகள் அல்ல. அந்த வீட்டுக்கு முதலில் போகும் கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும்தான். தட்டைத் தட்டியதும் குழந்தை திரும்புகிறதே என்று அம்மா சொல்வார். பலத்த சத்தத்துக்குத் திரும்பும் குழந்தைக்கும் பேச்சின் மெல்லிய ஒலிகள் கேட்காமல் இருக்கலாம் என்பது இவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த குழந்தை என்றால் உள்காதைச் சோதிக்கும் ஓ.ஏ.இ. பரிசோதனையில் தேறியது மட்டும் போதாது, நரம்பு வழியைச் சோதிக்கும் பெரா டெஸ்டும் எடுக்க வேண்டும். உள்காது சரியாக இருந்து நரம்பு வழியில் கோளாறு இருந்தால் முதல் பரிசோதனை அதைக் காட்டாது.

சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களிடம் பரம்பரைக் காரணத்தைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்தக் கேள்வியைக் குற்றம் சாட்டுவது போலக் கேட்டால், அந்த அம்மா அடுத்த முறை வரமாட்டார்.

ஆறு ஒலிகள்

கருவி போட்ட குழந்தைக்குப் பேச்சு ஒலிகள் கேட்கின்றனவா என்று பார்க்க, கனடாவில் பணியாற்றிய டேனியல் லிங் வகுத்த எளிய பரிசோதனை ஒன்று உண்டு. ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம் என்ற ஆறு ஒலிகளை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். குழந்தை ஒரு மரக்கட்டையைக் காதருகே பிடித்துக்கொண்டு காத்திருக்கும். ஒலி கேட்டதும் டப்பாவில் போடும். பார்ப்பதற்கு விளையாட்டு. ஆனால் பயிற்சி பெறாதவர் செய்தால் முடிவே தப்பாகிவிடும். எதிரே உட்கார்ந்தால் குழந்தை உதட்டைப் பார்த்துவிடும். வாயைக் கையால் பொத்தினால் 'ஸ்' போன்ற மெல்லிய ஒலிகள் கையிலேயே அடங்கிவிடும். பக்கத்தில் வந்து 'ஷ்' என்றால் மூச்சுக்காற்று கன்னத்தில் பட்டே கட்டை விழும். ஒரே இடைவெளியில் சொல்லிக்கொண்டு போனால், கெட்டிக்காரக் குழந்தை கேட்காமலேயே தாளம் பிடித்துப் போட்டுவிடும்.

தினமும் காலையில் இதைச் செய்தால் பள்ளிக்குப் போகும் முன்பே கோளாறு பிடிபடும். 'ம்' கேட்கிறது, 'ஸ்' கேட்கவில்லை என்றால் உயர் சுருதி ஒலிகள் போய்ச் சேரவில்லை. நேற்று கேட்ட குழந்தைக்கு இன்று எதுவுமே கேட்கவில்லை என்றால் முதலில் காது மெஷினின் பேட்டரியைப் பார்க்க வேண்டும், பிறகு குழாயில் ஈரம் இருக்கிறதா, காதுக்குள் பொருந்தும் மோல்டு அடைத்துப்போயிருக்கிறதா என்று. அதன் பிறகு, சளியால் காதுக்குள் நீர் கோத்திருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்ட வேண்டும். குழந்தையின் காது வளர வளர மோல்டு தளர்ந்து மெஷின் விசிலடிக்கும். சத்தத்தைக் குறைத்து வைப்பது தீர்வல்ல, புது மோல்டு எடுக்க வேண்டும்.

தோசைக்கல் பக்கத்தில்

இனி வருவதுதான் பயிற்சியின் கடினமான பகுதி. கேட்கவும் பேசவும் பயிற்சி தரும் தெரபிஸ்ட் குழந்தையோடு இருப்பது வாரத்துக்கு ஓரிரு மணி நேரம். மீதி நேரமெல்லாம் வீட்டில். எனவே குழந்தைக்குச் சொல்லித்தருவதைவிட, அம்மாவுக்கும் பாட்டிக்கும் சொல்லித்தருவதே முக்கிய வேலை. ஆனால் பெரியவர்களுக்குக் கற்றுத்தருவது தனித் திறமை. பட்டப்படிப்பு முடித்ததாலேயே அது வந்துவிடாது.

"'தோசை' சொல்லு, சொல்லு" என்று குழந்தையை நச்சரிப்பதுதான் பல வீடுகளில் நடக்கிறது. நல்ல தெரபிஸ்ட் அதைக் கண்டிக்காமல் மாற்றுவார். மாவை ஊற்றும் முன், "சத்தம் கேக்குதா பாரு" என்று நிறுத்தி, 'சொய்ங்' என்பதைக் கேட்கவிட்டு, "தோசை ஊத்தியாச்சு, இப்ப திருப்பிப் போடலாமா?" என்று முழு வாக்கியமாகப் பேசச் சொல்வார். தானே ஒருமுறை செய்துகாட்டிவிட்டு, கரண்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இந்த ஒதுங்கல் புதியவர்களுக்கு லேசில் வராது.

சென்னை அடையாறில் 1969-ல் தொடங்கிய பால வித்யாலயா இதை நெடுங்காலமாகச் செய்துவருகிறது. அங்கே சின்னஞ்சிறு குழந்தைகளோடு அம்மாக்களும் வகுப்பில் இருப்பார்கள். ஆசிரியர் பயிற்சியும் அங்கேயே நடக்கிறது. பயிற்சி பெறுபவர் பாடத்தை மட்டுமல்ல, அந்த அம்மாக்களையும் பார்த்தே கற்கிறார்.

சைகை என்றால் பயம் எதற்கு?

சைகை பழகினால் பேச்சு வராது என்று பெற்றோரைப் பயமுறுத்தும் தெரபிஸ்டுகள் இன்னும் இருக்கிறார்கள். கருவியால் போதிய பலன் கிடைக்காத குழந்தை எந்த மொழியும் இல்லாமல் வளர்வதுதான் பெரிய ஆபத்து. தெரபிஸ்டுகளுக்கான பயிற்சிப் பாடத்தில் இந்திய சைகை மொழியும், அதைக் கற்பிக்கக் காது கேளாத ஆசிரியர்களும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

பெற்றோர் கேட்க வேண்டியது

தெரபி அறைக்கு வெளியே உங்களை உட்காரச் சொன்னால், உள்ளே வரலாமா என்று கேளுங்கள். இந்த வாரம் வீட்டில் என்ன செய்ய வேண்டும், எதைப் பார்த்து முன்னேற்றம் தெரிந்துகொள்வது என்றும் கேளுங்கள். தெரபிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்தவர்தானா என்று விசாரிப்பதிலும் தப்பில்லை. 1992-ம் ஆண்டுச் சட்டப்படி அதற்காகவே ஒரு பதிவேடு இருக்கிறது.