உதைக்கும் தசை

பெங்களூரு விவேக் நகரை ஒட்டிய ஆஸ்டின் டவுனில் ஒரு கால்பந்துத் திடல் உண்டு. அங்கு ஆடுவோரின் கால்களை உற்று நோக்கினால், உதையின் விசை பாதத்தில் பிறப்பதன்று என்பது விளங்கும். பாதம் பந்தைத் தொடுகிறது. அப்பாதத்தை முன்னோக்கி வீசுவது தொடையின் முன்புறத் தசையே. 1948ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக்கில் இந்திய வீரர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடினர். 2-1 என இந்தியா தோற்ற அவ்வாட்டத்தில் நம் அணியின் ஒரே கோலை அடித்த சாரங்கபாணி ராமன் பெங்களூரைச் சேர்ந்தவர். காலணி இருப்பினும் இல்லாவிடினும் உதைக்கு விசை தரும் இடம் ஒன்றே.

இத்தசைக்கு நாற்றலைத் தசை என்று பெயர். மேலே நான்கு தலைகளாகத் தொடங்கிக் கீழே ஒன்றாக இணைவதால் இப்பெயர் அமைந்தது. மூன்று தலைகள் தொடை எலும்பிலேயே தொடங்குகின்றன. அவற்றுள் வெளிப்புறத்தில் அமைந்தது பருமனானது. கைக்குழந்தைகளுக்குத் தடுப்பூசி இடப்படுவது பெரும்பாலும் இதில்தான். நான்கும் சேர்ந்த தசைநாண் முழங்காற்சில்லைத் தழுவிச் சென்று, கீழ்க்காலின் பெரிய எலும்பில் பொருந்துகிறது. சில்லு அந்நாணை மூட்டிலிருந்து சற்றே விலக்கி நிறுத்துவதால் முழங்காலை நீட்டுதல் எளிதாகிறது.

நான்காம் தலையாகிய நேர்தசை மட்டும் இடுப்பெலும்பில் தொடங்குகிறது. ஆகவே அது இடுப்பு, முழங்கால் ஆகிய இரு மூட்டுகளையும் கடக்கிறது. உதைக்குமுன் ஆட்டக்காரர் காலைப் பின்னே இழுக்கிறார். அப்போது இடுப்பு பின்சாய்கிறது; முழங்கால் மடிகிறது. நேர்தசை இரு முனையிலும் ஒருசேர இழுபடுகிறது. மறுகணமே அது வலிந்து சுருங்க வேண்டும். நான்கனுள் இதுவே மிகுதியாகக் கிழிவதற்குக் காரணம் இதுதான். ஆட்டத்திற்குமுன் மெல்ல ஓடித் தசைகளைச் சூடேற்றிக்கொள்வது வெறும் சடங்கன்று.

கிழிதல் ஒருபுறமிருக்க, அடிபடுதலும் உண்டு. எதிராளியின் முழங்கால் தொடையில் மோதும்போது, தசை எலும்போடு நசுங்கி உள்ளே குருதி கசிகிறது. உடனே எண்ணெய் தேய்த்து அழுத்தி உருவிவிடுவது நம் வீடுகளில் வழக்கம். அன்பினால் செய்வதாயினும் அது தீங்கு தரும்: கசிவு பெருகும், சிலருக்குச் சில வாரங்களில் தசைக்குள்ளேயே எலும்பு வளர்ந்துவிடும். அதன்பின் முழங்காலை முழுதும் மடக்க இயலாது. சூடான ஒத்தடமும் தொடக்க நாள்களில் ஆகாது.

அடிபட்டவர் உடனே ஆட்டத்தை நிறுத்த வேண்டும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை அவ்வப்போது வைக்கலாம். வீக்கம் பெருகினாலும், கால் ஊன்ற முடியாவிட்டாலும் மருத்துவரை நாடுதல் வேண்டும். வலி குறைந்தவுடன் திடலுக்கு ஓடுவதும் பிழை. அடிபட்ட கால், மற்றக் காலைப் போலவே வலியின்றி மடங்கி நீண்ட பின்னரே மீண்டும் பந்தை உதைக்கலாம்.