வெயிலுக்கு ஏது வாய்தா?

ஆம்ஸ்டர்டாமில் ஒரு கஃபே. 1960-களின் தொடக்கம். கோகோ கோலா கம்பெனி ஆள் ஒருத்தர் சரக்கு இறக்க வந்தார். பாட்டில் அடுக்குகிற அறை தரைக்குக் கீழே இருந்தது. தரையில் இருந்த கதவைத் திறந்து போட்டுவிட்டு, அவர் பாட்டுக்கு வேலையில் மும்முரமானார். அந்த நேரம் பார்த்து, டாய்லெட்டுக்குப் போக எழுந்த வாடிக்கையாளர் ஒருத்தர் கீழே பார்க்காமல் காலை எடுத்து வைத்தார்.

தொப்!

பலத்த காயம். கேஸ் கோர்ட்டுக்குப் போனது. 'கண்ணு எங்கே இருந்ததாம்? பார்த்து நடக்க வேண்டியது அவர் பொறுப்பு' என்கிற ரீதியில் கம்பெனி வாதாடியது. 1965-ல் நெதர்லாந்து சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. மனுஷன் என்றால் சில சமயம் கவனம் பிசகத்தான் செய்யும். அதை எதிர்பார்த்து நடக்க வேண்டியது ஆபத்தை உண்டாக்கியவரின் கடமை என்றது. இதற்காகச் சில கேள்விகளையும் வகுத்தது. யாராவது கவனக்குறைவாக வர வாய்ப்பு எவ்வளவு? விபத்து நடக்க வாய்ப்பு எவ்வளவு? நடந்தால் சேதம் எவ்வளவு பெரிசு? அதைத் தடுக்க என்ன பெரிய செலவாகியிருக்கும்? ஒரு நாற்காலியைக் குறுக்கே இழுத்துப் போட்டிருந்தால் போதாதா?

'பருவநிலை மாற்றம் பற்றி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு இந்தாள் ஏன் கோலா கடையில் நிற்கிறான்?' என்று நீங்கள் முணுமுணுப்பது கேட்கிறது. காரணம் இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து, 2015-ல், ஹேக் நகரத்துக் கோர்ட் இதே மாதிரிக் கேள்விகளைத் தன் சொந்த அரசாங்கத்தைப் பார்த்துக் கேட்டது. இந்தத் தடவை திறந்து கிடந்தது தரைக்கதவு அல்ல, ஆகாயம்!

*

வழக்குப் போட்டது 'உர்ஹெண்டா' என்கிற அமைப்பு. 'அவசரம்', 'செயல்திட்டம்' என்கிற இரண்டு வார்த்தைகளைக் கத்தரித்து ஒட்டிய பெயர். தலைவி மர்யான் மின்னஸ்மா. வக்கீல் ரோஜர் காக்ஸ். 'கோர்ட்டால் இதில் ஏதாவது செய்ய முடியும்' என்று முன்பே ஒரு புத்தகம் எழுதியவர். 2012-ல் முதலில் அரசாங்கத்துக்கு ஒரு கடிதம் போட்டுப் பார்த்தார்கள். சர்க்காருக்குக் கடிதம் போட்டால் என்ன ஆகும் என்பதில் உலகம் பூராவும் ஒற்றுமை உண்டு. 2013-ல் வழக்கே போட்டுவிட்டார்கள். கூடவே 886 பொதுஜனங்கள் வாதிகளாகச் சேர்ந்துகொண்டார்கள்.

கேட்டது ரொம்ப சிம்பிள். 1990-ல் நாடு வெளியேற்றிய கரியமில வாயு வகையறாக்களை 2020-க்குள் 25 முதல் 40 சதவீதம் வரை குறைக்க வேண்டும். பணக்கார நாடுகள் இந்த அளவுக்குக் குறைத்தாக வேண்டும் என்பது ஐ.நா.வின் விஞ்ஞானிகள் குழு 2007-லேயே சொன்ன கணக்கு. நெதர்லாந்து போய்க்கொண்டிருந்த வேகத்தில் 17 சதவீதம்தான் தேறும். வேடிக்கை என்னவென்றால், அதே நாடு சில வருஷங்களுக்கு முன்பு வரை 30 சதவீதம் என்று இலக்கு வைத்திருந்து, பிறகு சத்தமில்லாமல் சுருக்கிக்கொண்டது.

அரசு வக்கீல்கள் விஞ்ஞானத்தை மறுக்கவே இல்லை. 'ஆமாம், பூமி சூடாகிறது. ஆமாம், ஆபத்துதான்' என்று ஒப்புக்கொண்டார்கள். நாட்டில் நாலில் ஒரு பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்? அவர்கள் வாதம் வேறு. 'உலகம் விடுகிற மொத்தப் புகையில் எங்கள் பங்கு வெறும் 0.5 சதவீதம். நாங்கள் நிறுத்தி என்ன ஆகப் போகிறது?'

இந்த வாதத்தை எங்கேயோ கேட்ட மாதிரி இல்லை? எனக்கும் அப்படித்தான் இருந்தது. 'நான் ஒருத்தன் லஞ்சம் வாங்காட்டி நாடு திருந்திடுமா?' 'நான் ஒருத்தன் பான் பராக் துப்பாட்டி பஸ் ஸ்டாண்ட் சுத்தமாயிடுமா?' குளத்தில் ஆளுக்கு ஒரு செம்பு பால் ஊற்றச் சொன்னார் ராஜா. 'எல்லாரும் பால் ஊற்றும்போது நம்ம ஒரு செம்புத் தண்ணி தெரியவா போகுது' என்று ஊரே நினைத்தது. விடிந்து பார்த்தால் குளம் நிறையத் தண்ணீர். பாட்டி சொன்ன கதைதான். நெதர்லாந்து அரசாங்கம் அந்தத் தண்ணிச் செம்போடுதான் கோர்ட் வாசலில் நின்றது.

2015 ஜூன் 24-ல் தீர்ப்பு. 'பங்கு சின்னது என்பதால் பொறுப்பு இல்லாமல் போய்விடாது. ஆள் வீதம் கணக்குப் போட்டால் உலகிலேயே அதிகம் வெளியேற்றுகிறவர்களில் நீங்களும் உண்டு. குறைந்தபட்சம் 25 சதவீதம் குறைத்தே ஆகவேண்டும்.' உலகத்தில் ஒரு கோர்ட் ஒரு நாட்டு அரசாங்கத்தைப் பார்த்து இப்படிக் கணக்குச் சொல்லி உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை.

அரசாங்கம் விடுமா? அப்பீல். 2018 அக்டோபரில் அப்பீல் கோர்ட்டும் அதையே சொன்னது. உயிர் வாழும் உரிமை, குடும்ப வாழ்க்கைக்கான உரிமை என்கிற மனித உரிமை அஸ்திவாரத்தில் தீர்ப்பை இன்னும் இறுக்கிக் கட்டியது. மறுபடி அப்பீல். 2019 டிசம்பர் 20-ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. இலக்குக்கு மிச்சம் ஒரே ஒரு வருஷம்!

*

ஆபீஸ் நண்பர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே கேட்டார். "ஏன் சார், ஜட்ஜ் ஆர்டர் போட்டா மழை பெஞ்சிடுமா? எங்க வீட்டு வாடகைக் கேஸே பதினோரு வருஷமா நடக்குது!"

நியாயமான கேள்வி. எனக்குத் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் அப்படியே கொண்டு போனேன். சிரித்தார்.

"கோர்ட்டுக்குப் பட்டாளம் கிடையாது, கஜானா கிடையாது சார். மரம் நட அதுக்குத் தெரியாது. அதுகிட்ட இருக்கறது ஒரே ஒரு ஆயுதம்தான். 'அடுத்த தேதிக்குள்ள என்ன பண்ணினேன்னு அபிடவிட்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டா'ன்னு சொல்லும். மேடையில என்ன வேணா பேசலாம். அபிடவிட்ல பேச முடியாது, பாருங்க!"

இதற்குக் கச்சிதமான உதாரணம் பாகிஸ்தானில் இருக்கிறது. அங்கே 2012-லேயே பருவநிலைக் கொள்கை தயார். அதை நிறைவேற்றத் திட்டமும் தயார். எல்லாம் ஃபைலில் பத்திரமாகத் தூங்கின. 2015-ல் பஞ்சாப் மாகாணத்து விவசாயி ஒருவர் லாகூர் ஐகோர்ட்டுக்குப் போனார். 'புதுசா எதுவும் கேக்கலை சாமி, நீங்க எழுதி வெச்சதைச் செய்யுங்க' என்பதுதான் அவர் மனுவின் சாரம். லெகாரி வழக்கு என்று இன்று சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள்.

நீதிபதி சையத் மன்சூர் அலி ஷா அதிகாரிகளை வரவழைத்துக் கேட்டார். உருப்படியாகச் சொல்ல அவர்களிடம் ஒன்றும் இல்லை. உடனே உத்தரவு: ஒவ்வொரு இலாகாவும் இதற்குப் பொறுப்பாக ஓர் அதிகாரியின் பெயரைச் சொல்ல வேண்டும். எதை எப்போது முடிப்பீர்கள் என்று பட்டியல் தர வேண்டும். மேற்பார்க்க ஒரு கமிஷன். 2018-ல் வழக்கை முடிக்கும்போது, முன்னுரிமை வேலைகளில் சுமார் 66 சதவீதம் நடந்திருப்பதாக அந்தக் கமிஷன் கணக்குக் கொடுத்திருந்தது.

ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு இதன் சூட்சுமம் சட்டென்று புரியும். 'எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்ளவும்' என்று சர்க்குலர் வந்தால் யாரும் பார்க்க மாட்டோம். 'இன்னார், இந்தத் தேதிக்குள்' என்று வந்தால் அன்றைக்கு ராத்திரித் தூக்கம் போய்விடும்.

*

நெதர்லாந்தில் என்ன ஆயிற்று? ஆம்ஸ்டர்டாமில் ஹெம்வெக் என்கிற நிலக்கரி மின் நிலையத்தை 2024 வரை ஓட்டுவதாக இருந்தார்கள்; 2019 கடைசியிலேயே இழுத்து மூடிவிட்டார்கள். மின்சாரத்துக்கு நிலக்கரி எரிப்பதை 2030-லிருந்து நிறுத்தச் சட்டம் வந்தது. 2020 முடிந்து கூட்டிக் கழித்துப் பார்த்தபோது 25 சதவீதத்தைச் சற்றே தாண்டியிருந்தார்கள்.

விசில் அடிப்பதற்கு முன் ஒரு நிமிஷம். அந்த வருஷம் கொரோனா. ஊரே வீட்டுக்குள். குளிர்காலமும் அதிகம் குளிரவில்லை. பாஸ் மார்க் வாங்கியதில் இந்த இரண்டுக்கும் பங்கு உண்டு. அடுத்த வருஷமே அளவு கொஞ்சம் ஏறியது. 2022-ல் ரஷ்ய எரிவாயுத் தகராறு வந்ததும், நிலக்கரி மின் நிலையங்களுக்குப் போட்டிருந்த கட்டுப்பாட்டை அரசாங்கமே தளர்த்தியது.

எல்லாக் கோர்ட்டிலும் ஜெயித்துவிடவும் முடியாது. அமெரிக்காவில் 21 இளைஞர்கள், சிறுவர்கள் சேர்ந்து 2015-ல் மத்திய அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். முழு விசாரணைக்கே வராமல் பத்து வருஷம் இழுத்தடித்து, 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் கையை விரித்தது. அதே அமெரிக்காவில் மான்டானா மாநிலத்தில் 16 பேர் போட்ட வழக்கு ஜெயித்தது. 2024 டிசம்பரில் மாநில சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. வித்தியாசம் எங்கே? சுத்தமான, ஆரோக்கியமான சுற்றுச்சூழல் மக்கள் உரிமை என்று மான்டானாவின் அரசியல் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

ஸ்விட்சர்லாந்துப் பாட்டிகள் கதை இன்னும் சுவாரஸ்யம். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள், சராசரி வயது 73. வெயில் அலை அடித்தால் முதலில் சுருண்டு விழுவது எங்கள் வயதுப் பெண்கள்தான் என்று ஐரோப்பிய மனித உரிமைக் கோர்ட் வரை போனார்கள். 2024 ஏப்ரல் 9-ல் 16-க்கு 1 என்ற கணக்கில் ஜெயித்தார்கள். இரண்டே மாதத்தில் ஸ்விஸ் பார்லிமென்ட்டின் இரண்டு சபைகளும் கூடி, 'நாங்கள் செய்கிறது போதும்' என்று தீர்மானம் போட்டுவிட்டன. தீர்ப்பு கையில் இருக்கிறது. அதை அமல்படுத்தப் பாட்டிகள் இன்னும் எத்தனை படி ஏற வேண்டுமோ!

நம் சுப்ரீம் கோர்ட்டுக்கு இந்த விவகாரம் ஒரு பறவையின் முதுகில் ஏறி வந்தது. ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில்கள் மின்கம்பிகளில் மோதிச் சாகின்றன. கம்பிகளைப் பூமிக்கடியில் போடுங்கள் என்று வழக்கு. 2021-ல் கோர்ட் அதற்கு உத்தரவே போட்டது. ஆனால் அந்தக் கம்பிகளில் கணிசமானவை சூரிய மின்சாரத்தைச் சுமப்பவை! பறவையைக் காப்பதா, புகையில்லாத மின்சாரத்தைக் காப்பதா? 2024 மார்ச் 21-ல் கோர்ட் பழைய உத்தரவைத் தளர்த்தி, நிபுணர் குழுவிடம் ஒப்படைத்தது. அதோடு, பருவநிலை மாற்றத்தின் தீங்குகளிலிருந்து காக்கப்படுவது அரசியல் சட்டத்தின் 14, 21-வது பிரிவுகளின்படி குடிமக்களின் உரிமை என்றும் சொல்லி வைத்தது. நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடுவில் தீர்ப்புச் சொல்வது சுலபம். இரண்டு நல்லதுகளுக்கு நடுவில் சொல்வதுதான் தலைவலி.

*

2019-ல் பசிபிக் தீவுகளைச் சேர்ந்த 27 சட்ட மாணவர்கள், உலகத்தின் ஆகப் பெரிய கோர்ட்டையே கேட்டுவிடுவோம் என்று கிளம்பினார்கள். வயசுப் பசங்க, கையில் காசில்லை. வனுவாட்டு என்கிற குட்டித் தீவு நாடு அவர்கள் யோசனையைத் தூக்கிக்கொண்டு ஐ.நா.வுக்குப் போனது. 2025 ஜூலை 23-ல் சர்வதேச நீதிமன்றம் கருத்துச் சொன்னது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, தவறினால் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு செய்ய வேண்டி வரலாம். அது ஆலோசனைதான், கட்டாய உத்தரவு இல்லை. ஆனால் இனிமேல் எந்த ஊர் வக்கீலும் அதை மேற்கோள் காட்டலாம்.

வக்கீல் நண்பரிடம் கடைசியாகக் கேட்டேன். "அப்ப கோர்ட்டை நம்பலாமா, கூடாதா?"

"நம்பறதுக்கு அது சாமி இல்லை சார். தூங்கறவனை எழுப்பற அலாரம் கடிகாரம். எழுந்து வேலைக்குப் போறது யாரோட வேலை?"

அலாரத்தை அமுக்கிவிட்டு மறுபடி போர்த்திக்கொள்கிற பழக்கம் சர்க்காருக்கும் உண்டு, நமக்கும் உண்டு. கேஸுக்கு வாய்தா வாங்கலாம். சித்திரை வெயில் எந்தக் கோர்ட்டிலும் வாய்தா கேட்டதாகச் சரித்திரம் இல்லை.