சாவா மூவாச் செல்வம்

அருணாசலத்தின் அடிவாரத்தில் வாழ்கிறவர்களுக்குச் சமுத்திரம் தூரத்து விஷயமாகத் தோன்றுவது இயல்பே. ஆயினும், நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, திருவண்ணாமலையிலிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் சென்னகேசவ மலைகளுக்கிடையே சாத்தனூர் அணையில் தேங்கி நின்று, பின்னர் கடலூருக்கருகே வங்கக் கடலில் சங்கமமாகிறது என்பதை எண்ணிப் பார்த்தால், நம் நீருக்கும் கடல்வாழ் ஜீவராசிகளுக்கும் உள்ள உறவு விளங்கும். விடுமுறை நாளில் சாத்தனூருக்குப் போய், மசாலா தடவி எண்ணெயில் பொரித்த அணைமீனைச் சுவைத்துத் திரும்பும் குடும்பங்கள் எத்தனையோ உண்டு. அந்த மீன் வருஷந்தோறும் எவ்வாறு கிடைத்துக்கொண்டே இருக்கிறது, எவ்வளவு பிடித்தால் அது அற்றுப்போகாமல் இருக்கும் என்ற கேள்விகளுக்கு விடை காண முயல்வதே மீன்வள நிர்வாகம் என்னும் சாஸ்திரம்.

சாத்தனூர் அணை 1958-இல் கட்டி முடிக்கப்பெற்றது. இத்தகைய நீர்த்தேக்கங்களில் பிரதானமாக வளர்க்கப்பெறும் கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய மூன்றும் கங்கை முதலிய வடநாட்டு நதிகளுக்கு உரியவை. புதுவெள்ளம் பாயும் ஓடுநீரில் முட்டையிடும் சுபாவமுடைய அவை, தேங்கிய நீரில் சாமானியமாக இனவிருத்தி செய்வதில்லை. ஹீராலால் சௌதுரி என்னும் விஞ்ஞானி, மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்திக் கெண்டை இன மீன்களை முட்டையிடச் செய்யலாம் என்று 1957 ஜூலை 10 அன்று ஒரிஸ்ஸாவின் அங்குலில் நிரூபித்தார்; அதன் பிறகுதான் வேண்டிய குஞ்சுகளைப் பண்ணையிலேயே உற்பத்தி செய்வது சாத்தியமாயிற்று. பொடிக்குஞ்சுகளை அப்படியே அணையில் விட்டால் விராலுக்கும் வாளைக்கும் இரையாகிவிடும் என்பதால், அவற்றை விரலளவு வளர்த்தே விடுகிறார்கள். மீன்துறையார் அவற்றை ‘விரலிகள்’ என்பர். கட்லா மேல்மட்டத்திலும், ரோகு நடுமட்டத்திலும், மிர்கால் அடிமட்டத்திலும் இரை தேடுவதால், ஒன்றின் உணவை மற்றொன்று பறிப்பதில்லை. இதற்கு நேர்மாறாக, 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பெற்ற ஜிலேபி கெண்டையோ, தேங்கிய நீரிலேயே ஓயாது பெருகித் தமிழ்நாட்டின் பல நீர்த்தேக்கங்களில் மற்ற மீன்களுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. ஓர் இனத்தைப் புதிதாக விடுவது எளிது. விட்டதைத் திரும்ப அழைப்பது எவராலும் ஆகாது.

அணையில் குறைந்த மீனை விரலிகளை விட்டு நிரப்பலாம். கடலிலோ அந்த உபாயம் பெரும்பாலும் செல்லாது. அங்கே நாளைய மீனுக்கு ஆதாரம் இன்று நாம் பிடிக்காமல் விட்டுவைக்கும் தாய்மீனேயாகும். சோழர் காலத்துக் கோயில் கல்வெட்டுகளில் இதற்கு ஒப்பான ஓர் ஏற்பாட்டைக் காண்கிறோம். நந்தாவிளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகளைத் தானமாக விட்டு, அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பொறித்துவைத்தார்கள். மந்தையைப் பெற்ற இடையர், கிழடானதையும் செத்ததையும் குட்டிகளால் ஈடுசெய்து, தொகை குறையாமல் காத்து, நாள்தோறும் நெய் அளந்து வரவேண்டும் என்பது நியமம். மந்தை நிலைத்திருக்க, அதன் பயன் மட்டும் செலவாக வேண்டும் என்ற இந்த விதியே மீன்வள சாஸ்திரத்தின் மூலாதாரமும் ஆகும்.

பிரிட்டிஷ் விஞ்ஞானி இ. எஸ். ரஸ்ஸல் 1931-இல் இதனைக் கணக்காகவே வகுத்துக் காட்டினார். ஒரு மீன்கூட்டத்தின் எடை, புதிதாய்ச் சேரும் இளமீன்களாலும் இருக்கும் மீன்களின் வளர்ச்சியாலும் கூடுகிறது. இயற்கை மரணத்தாலும் மனிதன் பிடிப்பதாலும் குறைகிறது. வரவும் செலவும் சமமாயிருக்கும்வரை கூட்டம் நிலைபெறும். கேட்பதற்கு எளிதான இந்தக் கணக்கில் இடர்ப்பாடு என்னவென்றால், ஆடுகளைப் பட்டியில் நிறுத்தி எண்ணலாம், ஆழ்கடலில் உலவும் மீன்களை எண்ண முடியாது என்பதே.

ஆகையால் கரைக்கு வந்த மீனை அளந்து, கடலில் உள்ளதை அனுமானிக்கிறார்கள். 1947-இல் தொடங்கப்பெற்று, நெடுங்காலம் மண்டபத்தில் இயங்கி, இப்போது கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் களப்பணியாளர்கள், படகுகள் கரையேறும் துறைகளில் நின்று, ஏலம் முடிவதற்குள் எத்தனை படகுகள் வந்தன, எந்த இனம் எவ்வளவு என்று குறித்து, மாதிரிக்கு எடுத்த மீன்களின் நீளத்தையும் அளக்கிறார்கள். குளிர்நாட்டு மீன்களின் செவிக்கல்லில் ஆண்டுக்கோர் வளையம் தெளிவாகப் படிவதால், அதை எண்ணி வயதைச் சொல்லிவிடலாம். கடுங்குளிர் காணாத நம் கடல் மீன்களில் அவ்வளையங்கள் அத்தனை தெளிவாக இராமையால், மாதந்தோறும் எடுத்த நீள அளவுகள் எப்படி நகர்கின்றன என்பதைக் கொண்டே வளர்ச்சியை நிர்ணயிக்கிறார்கள். வலையில் விழும் மீனின் சராசரி நீளம் ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே வருமானால், மீன்கள் முதிர்ச்சி அடையுமுன் பிடிபடுகின்றன என்ற எச்சரிக்கை அதில் அடங்கியிருக்கக்கூடும்.

இத்தகைய எச்சரிக்கையைத் தவறாகப் படித்ததன் பலனைக் கனடா அனுபவித்தது. நியூஃபவுண்ட்லாந்து கடலில் பல நூற்றாண்டுகள் வற்றாது கிடைத்த காட் மீன், பெரும் இழுவைக் கப்பல்கள் வந்தபின் 1968-இல் சுமார் 8 லட்சம் டன் பிடிக்கப்பட்டது. எண்ணிக்கை சரிந்த பிறகும் எஞ்சிய மீன்கள் சில இடங்களில் திரண்டு நின்றமையால் கப்பல்களின் வலைகள் நிறைந்தே வந்தன. அதைக் கண்டு, வளம் குறையவில்லை என்று கணித்தார்கள். 1992-இல் மீன்பிடிப்பையே அரசு நிறுத்தவேண்டி வந்தபோது, ஏறக்குறைய 30,000 பேர் தொழிலிழந்தார்கள்.

நம் கடலிலும் கட்டுப்பாடுகள் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டின் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல்மைல் வரையுள்ள நீரைப் பாரம்பரிய மீனவர்க்கென ஒதுக்கி, விசைப்படகுகளை அதற்கப்பால் செல்லப் பணித்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்குத் தடை விதிப்பதும், மீன்கள் இடையூறின்றி இனவிருத்தி செய்வதற்காகவே. ஆனால் காலத்தடை ஒன்றே போதாது. தடை நீங்கிய மறுநாளே நெருங்கிய கண்களுள்ள இழுவைமடியால் கடலடியை வாரி, அகப்பட்ட குஞ்சுகளைக் கோழித் தீவனத்திற்கும் மீன்தூளுக்கும் அனுப்பினால், இரண்டு மாத விரதத்தின் பயன் விரைவில் கரைந்துபோகும். மீனைக் காப்பதென்றால் மீன் வளரும் இடத்தையும் காக்கவேண்டும். பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளின் வேர்களுக்கிடையே இறால் குஞ்சுகளும், மன்னார் வளைகுடாவின் பவளப் பாறைகளுக்கிடையே எண்ணற்ற மீனினங்களும் அடைக்கலம் பெறுகின்றன. பாக் விரிகுடாவில் கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2022-இல் காப்பகமாக அறிவிக்கப்பெற்றது. கடற்பசுவுக்காகக் காக்கப்பெறும் அந்தப் புல்வெளி, இளமீன்களுக்கும் வளர்ப்பிடமாகும்.

எனினும் எந்த நியமமும் நிலைக்க வேண்டுமானால், அதன் பாரம் நியாயமாகப் பகிரப்பட வேண்டும். தடைக்காலத்தில் வருவாயை இழப்பவர் படகில் கூலிக்குப் போகும் தொழிலாளி; பின்னால் வளம் பெருகும்போது அதிக லாபம் பெறுபவரோ பெரும் படகுகளின் உடைமையாளர். ஆதலால் நிவாரணம் காலத்தில் சேரவேண்டும். வலைக்கண் விதி பெரியவர், சிறியவர் என்ற பேதமின்றி அமலாக வேண்டும். ஏலத்துறையில் அளந்த கணக்கு மீனவர் கூட்டத்திலேயே படித்துக் காட்டப்பட வேண்டும். கடலை நேரில் காணாத நம் போன்றோருக்கும் இதில் பங்குண்டு: சந்தையில் குஞ்சுமீனை மலிவென்று வாங்காதிருப்பதும், தடைக்காலத்தில் விலை ஏறும்போது முணுமுணுக்காமல் அணைமீனைக் கொண்டு சமாளிப்பதும், தென்பெண்ணையில் கழிவு கலப்பதை எதிர்த்துக் குரல் கொடுப்பதும் நம்மால் இயலாதவை அல்ல. கடலில் இறங்கி உழைப்பவரிடம் மட்டும் கட்டுப்பாட்டை எதிர்பார்த்து, உண்பவர் கட்டற்று இருப்பது தர்மம் ஆகாது.